டயரம்மா எழுப்பிய சுவர்

டயரை வெட்டும்போது கையின் பலத்தைக் காட்டிப் பயனில்லை. கத்திக்குச் சோப்புத் தண்ணீரைக் காட்ட வேண்டும். உலர்ந்த கத்தி ரப்பருக்குள் இறங்கிய இடத்திலேயே கவ்விக்கொள்ளும். அதை முக்கி முனகி இழுத்தால் ஒன்று கத்தி முறியும், இல்லாவிட்டால் கை கிழியும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, டயரின் பக்கவாட்டில் செருகி, ஆற அமர வளைத்துக்கொண்டே போனால் பழைய செருப்பை அறுப்பது போல அது பாட்டுக்குப் போகும். தரையில் உருளுகிற தடித்த பாகத்தை மட்டும் தொடவே கூடாது. அதற்குள் கம்பி வலை இருக்கிறது. அதில் பட்டால் கத்தியின் கதை முடிந்தது.

இதை டயரம்மாவுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கத்திகளை முறித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவளுடைய தொழில் டயர் வேலையும் அல்ல. கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் தையல்காரி. அங்கேயும் முதலில் தைக்கப் போகவில்லை, கூட்டிப் பெருக்கத்தான் போனாள். கழற்றிப் போட்ட பழைய உறைகளைக் குப்பைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்குக் கொண்டுபோவாள். தையலைப் பிரிப்பாள், எந்தத் துண்டு எங்கே சேருகிறது என்று பார்ப்பாள், திரும்பவும் கையால் தைத்துப்பார்ப்பாள். ஒருநாள் தையல்காரர் வராமல் போக, வாசலில் நாலு கார்கள் சீட் இல்லாமல் நிற்க, அவள் போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

"நீயாம்மா?" என்று முதலாளி வாயைப் பிளந்தார்.

"மெஷின் ஒண்ணும் சொல்லலையே சார்," என்று பெடலை மிதித்தாள்.

பட்டறையை ஒட்டின மாதிரி ஒரு டயர் கடை. அதன் பின்பக்கம் தேய்ந்த டயர்கள் மலையாகக் கிடக்கும். யாரும் சீந்தமாட்டார்கள். அவளும் கணவரும் சொந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் உட்கார நாற்காலி இல்லை. அந்த மலையிலிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் வெட்டுப்பட்ட ஸ்பாஞ்சை அடைத்து, மிச்சமான ரெக்சினால் மூடி, சுற்றிலும் கயிறு ஒட்டி ஒரு மோடா செய்தாள். அதன்பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் டயர் ஒரு தொட்டி. மண் கொட்டினால் செடி. செடிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி. மாடிப்படிக்கு மிதியடி, கதவுக்கு முட்டு, துணி ஊறவைக்கும் இடத்தில் வழுக்காமலிருக்க ஒரு பட்டை.

"இது வீடா, நம்ம கடையோட கிளையா?" என்று டயர் கடைக்காரர் கேட்டார். பருத்த மனிதர். வாய் ஓயவே ஓயாது. அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தெரு அவளை டயரம்மா ஆக்கிவிட்டது. கொசு ஒழிக்க வரும் சுகாதார ஊழியர், டயர் என்றாலே தண்ணீர் தேங்கும் என்று டார்ச்சோடு வந்தார். ஒவ்வொன்றிலும் எட்டிப்பார்த்தார். எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஒண்ணுலயாவது தண்ணி வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று அலுத்துக்கொண்டே போனார்.

அந்த வீடு அவர்களுக்குக் கிடைத்ததே, வேறு யாரும் அதை வேண்டாம் என்றதால்தான். தெருவின் கடைசி வீடு. பின்னால் ஒன்றரை ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு மண்மேடு. மேட்டுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே துணி காயப்போடுமளவு முற்றம். மழை பெய்தால் மேடு கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துக்கு இறங்கிவரும். போன மழையில் கொஞ்சமாக வரவில்லை. ஒரு பக்கம் அப்படியே சரிந்து குளியலறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு அடுப்பு மேடைக்குக் கீழே வந்து நின்றது. இரண்டு பேருமாக அள்ளிக் கொட்டினார்கள்.

அவள் கணவர் பார்சல் வண்டி ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முடிவாகப் பேசுவார். அன்றைக்கு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த மழைக்கு ஒரு கூடை மண்ணு உள்ள வந்தாலும் சரி, வீட்டைப் பூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடறோம். தூங்கறப்போ தலைமேல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அண்ணன் வீடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான நாள் முதல் மகளைக் கட்டிக்கொடுக்கும் வரை அவள் இருந்தது கணவரின் அண்ணனான மூத்தார் வீட்டு ஹாலில். நடுவில் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் குடும்பம். ஓரகத்தி கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவள் கெட்டவள் அல்ல. சாப்பிட்டாயா என்று கேட்காத நாள் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஓர் இடம் இருந்தது, அந்த இடம் ஓரகத்திக்குத்தான் தெரியும். கழுவிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை எங்க வைக்கறது?" என்று கேட்டே அவளுக்கு வயதாகிவிட்டது. அங்கிருந்த காலமெல்லாம் அவள் ஒரு ஆணி அடித்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், மாட்ட எதுவுமில்லாமலே ஒன்று அடித்தாள்.

"நான் அங்க போகமாட்டேன்," என்றாள் கணவரிடம்.

"மண்ணுகிட்ட சொல்லு," என்றார் அவர்.

மேட்டைத் தடுக்கக் கருங்கல் சுவர் எழுப்புவது அவர்கள் கைக்கு எட்டாத சமாச்சாரம். ஆனால் ஒருமுறை கணவரின் வண்டியில் போகும்போது, ஒரு சாலை வளைவில் மண்சரிவுக்குக் குறுக்கே டயர்களை அடுக்கிச் சுவராக்கியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். டயர்களுக்கிடையே புல் முளைத்திருந்தது. வண்டி நிற்கவில்லை. கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் தொடங்கினாள். மேட்டின் அடியில் பள்ளம் தோண்டி, உடைந்த செங்கல்லை இட்டு இறுக்கினாள். டயர் கடைக்காரர் சரக்கு வண்டியில் டயர்களைக் கொண்டுவந்து இறக்கினார். கோடை முழுவதும் வேலைக்குப் போகும் முன் கொஞ்சம், வந்தபின் வெளிச்சம் இருக்கும் வரை கொஞ்சம். தொட்டிகளுக்குச் செய்ததுபோலவே ஒவ்வொரு டயரிலும் மேல்பக்கத்தை வட்டமாக, சுத்தமாக வெட்டி எடுத்தாள். வாய் அகன்றிருந்ததால் மண் கொட்டச் சுலபம். கொட்டி, கடப்பாரையின் தடித்த பக்கத்தால் குத்தி, மேலே அடுத்த டயர். வெட்டி எடுத்த வளையங்களைச் சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்துவைத்தாள். சுவர் இடுப்பளவு வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, அடுத்து எனக்கு ஒரு வீடே கட்டித்தாங்க, இதே மாதிரி. பஞ்சர் ஆனா நானே ஒட்டிக்கறேன்," என்றார் டயர் கடைக்காரர்.

கணவர் மட்டும் சுவர் நெடுக நடந்து பார்த்தார். ஒரு டயரைக் காலால் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பருவம் தொடங்கும் முன்பே ஒரு மழை வந்தது. பெரிய மழை கூட இல்லை. ஒரு மத்தியானம் பெய்து ஓய்ந்தது. அவள் பட்டறையிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தாள். சுவர் நின்றது. ஆனால் நடுவில் தொப்பை போட்டிருந்தது. இரண்டாவது வரிசை டயர்கள் வாயை விரித்துக்கொண்டு நசுங்கியிருந்தன. அவற்றின் மண் பிதுங்கி வெளியே வழிந்துகொண்டிருந்தது. மேல் வரிசை முற்றத்தைப் பார்த்துக் குனிந்து நின்றது. மறுபடி ஒரு மழை வந்தால் மேட்டு மண்ணோடு டயர்களும் சேர்ந்து உள்ளே வரும்.

கணவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். போனை எடுத்தார்.

"அண்ணே, உங்க கம்பெனி வண்டி எப்போ கிடைக்கும்? ...சரி, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைன்னா அன்னைக்கே வாங்க. ஆமா, சாமானெல்லாம்தான்."

அவள் தடுக்கவில்லை. வளையங்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பட்டறையில் ஒரு காரின் பின்சீட்டு வந்திருந்தது. ஒரு ஓரத்தில் தையல் விட்டுப்போய், ஸ்பாஞ்ச் அந்த வழியாகப் பிதுங்கி, சீட் முழுக்கக் கோணியிருந்தது. வண்டிக்காரர், "ஓரத்துல கொஞ்சம்தான் விட்டிருக்கு, ஆனா மொத்த சீட்டும் உக்கார முடியல," என்று குறைப்பட்டார்.

"நாலு பக்கமும் பிடிச்சாத்தான் சார் ஸ்பாஞ்ச் நிக்கும்," என்று அவள் வழக்கம்போலச் சொன்னாள். "ஒரு பக்கம் திறந்துட்டா அது போற வழியைத்தான்..."

பாதியில் நின்றுவிட்டாள். கையிலிருந்த ஊசியை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள்.

"தம்பி, டயரோட உள் விளிம்புல என்ன இருக்கு?"

"உதடா அக்கா? கம்பி வளையம். எஃகு. அதுதான் ரிம்மைக் கவ்விப் பிடிச்சுக்கறது. மேல ரப்பர் பூராவும் விரியும், அது மட்டும் விரியாது. ஏன்?"

"அதை வெட்டிட்டா?"

"வெட்டிட்டா என்ன, தொட்டிதான். உங்க வீட்டுல இருக்கே..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக வாக்கியத்தைப் பாதியில் விட்டார். பிறகு மெதுவாக, "அத்தனையிலுமா வெட்டினீங்க?" என்றார்.

"ஒண்ணு விடாம. அதுவும் சுத்தமா," என்றாள் அவள்.

தொட்டி செய்து பழகிய கை. தொட்டிக்கு வாய் அகன்றிருக்க வேண்டும். மண்ணைத் தாங்கும் சுவருக்கு வாய் மூடியிருக்க வேண்டும். டயரை டயராக நிறுத்திவைக்கும் வளையத்தை அவளே எடுத்து, சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்திருந்தாள். டயர் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். வெட்டச் சோம்பல்பட்டு அப்படியே அடுக்கியிருப்பார்.

அன்றைக்கு மாலையே அவள் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கணவர் வேலையிலிருந்து வந்து பார்த்தார். "சரி, புரிஞ்சுகிட்டயே," என்றார். குரலில் இரக்கம் இருந்தது.

"புரிஞ்சுகிட்டேன். அதான் பிரிக்கறேன். பிரிச்சுட்டுத் திரும்பக் கட்டப்போறேன்."

"வண்டி சொல்லியாச்சு."

"வரட்டும். வர்ற அன்னைக்கு மண்ணு சமையல்கட்டுல இருந்துச்சுன்னா நானே பாத்திரத்தை மூட்டை கட்டறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். இல்லேன்னா நான் நகரமாட்டேன். நீங்க சொன்ன பேச்சுதானே? ஒரு கூடை மண்ணு?"

அவர் தலையை ஆட்டினார். "நான் அதுல கை வைக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

"உங்க கை எதுக்கு? ஓட்டற கை, பத்திரமா இருக்கட்டும்."

பட்டறையில் லீவு சொன்னாள். முதலாளி முணுமுணுத்தார். டயர் கடைக்காரர் வெட்டாத டயர்களை மறுபடி கொண்டுவந்து இறக்கினார். தலையணை உறைக்குள் பஞ்சைத் திணிப்பதும் முழு டயருக்குள் மண்ணைத் திணிப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துத் தொடங்கினாள். ஒன்றல்ல. முதலில் மண்ணின் பதம் பார்க்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையை நனைக்கக் கூடாது. டயரின் அடியில் அட்டையைப் போட்டு, நடுவில் மண்ணைக் கொட்டி, உதட்டுக்கு அடியில் கையை விட்டுச் சுற்றிலும் திணிக்க வேண்டும். பிறகு கடப்பாரையைச் சாய்த்துப் பிடித்து உள்பக்கமாகக் குத்த வேண்டும். கொஞ்சம் குத்தியதும் மண் எங்கோ போய்விடும். திரும்பத் திணிக்க வேண்டும். ஒரு டயர் எவ்வளவு மண் தின்னும் என்பதை நம்பவே முடியாது. தின்னத் தின்ன அது உப்பும். உப்பி, விறைத்து, கடைசியில் கடப்பாரை பட்டால் துள்ளித் திரும்பும். அதுதான் கணக்கு. அதற்கு முன் நிறுத்தினால் ஏமாற்று வேலை.

முன்பு ஒரு மாலையில் ஒரு வரிசையில் பாதி முடிப்பாள். இப்போது அதே நேரத்தில் ஒரு டயர்தான் முடிந்தது; அதனால் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை குத்தினாள். உதட்டின் ரப்பர் உரசி முழங்கை வரை தோல் உரிந்தது. பழைய ரெக்சினில் நீளக் கையுறை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு டயர்கள் சேரும் இடத்துக்கு மேல் மூன்றாவதை வைத்தாள், செங்கல் அடுக்குகிற மாதிரி. ஒவ்வொரு வரிசையையும் மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். சுவருக்குப் பின்னால் கல்லும் உடைந்த ஓடும் போட்டு, தண்ணீர் வெளியேற அடியில் குழாய்த் துண்டுகள் பதித்தாள். வெட்டிக் கெடுத்த டயர்கள் ஒரு பக்கம் குவிந்துகிடந்தன. அவற்றைப் பார்க்காமல் வேலை செய்தாள்.

கணவர் கையைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் நிற்பார்.

"சாயுதே."

"சாயணும். மேட்டு மேல சாயணும்."

"அந்த மூலை மட்டம் இல்ல."

அவள் ரசமட்டத்தை எடுத்துவைத்துப் பார்த்தாள். மட்டம் இல்லைதான். அந்த டயரைக் கழற்றினாள். நிரப்பிய மண்ணையெல்லாம் தோண்டி எடுத்துத் திரும்பத் தொடங்கினாள். அவர் ஏன்டா சொன்னோம் என்று நின்றார். மறுநாள் அவர் வண்டியில் எங்கிருந்தோ உடைந்த ஓடுகள் இரண்டு மூட்டை வந்தன. இறக்கி வைத்துவிட்டு, "கை வைக்கலை, வண்டியிலதான் வந்துச்சு," என்றார்.

தோள் உயரம் வந்ததும் டயர் தீர்ந்துபோனது. இன்னும் ஒரு வரிசை வேண்டும். டயர் கடைக்காரரிடம் இருந்தவை ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள். "டாக்ஸிக்காரங்க சனிக்கிழமை மொத்தமா மாத்தறாங்க அக்கா, எல்லாம் ஒரே அளவு. உங்களுக்குன்னு ஒதுக்கி வைக்கறேன். ஆனா நம்ம சரக்கு வண்டி ரிப்பேருக்கு நிக்குது, நீங்கதான் எடுத்துக்கணும்," என்றார்.

சனிக்கிழமை பகலில் வானம் கறுத்தது. வண்டி வரச்சொன்ன ஞாயிறு விடியும்போது கொட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் மேட்டைச் சரித்த அதே மாதிரி மழை. அவள் சமையலறைக் கதவைத் திறந்துவைத்து, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை.

அந்த மழையிலேயே மூத்தாரும் ஓரகத்தியும் வண்டியோடு வந்துசேர்ந்தார்கள். தார்ப்பாயெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணும் கட்டலையா?" ஓரகத்தி புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். "ஹாலைக் கூட்டி மெழுகி வச்சிருக்கேன். உன் திரையைக் கூடத் துவைச்சு மாட்டிட்டேன். வா, பாத்திரத்தை எடு."

"கொஞ்சம் இருங்கக்கா."

"எதுக்கு? சுவரு விழற வரைக்குமா?"

"விழறதா இருந்தா நீங்களும் பாருங்களேன்."

நாலு பேரும் பின்கதவில் நின்றார்கள். குழாய்களிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் செம்மண் நிறம். பிறகு தேநீர் நிறம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது. மூத்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மேட்டின் உச்சியிலிருந்து, வரிசை முடியாமல் விட்ட இடத்துக்கு மேலே, வண்டிச் சக்கரமளவு ஒரு மண்கட்டி பெயர்ந்தது. ஓரகத்தி, "ஐயோ!" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். மண் பொத்தென்று சுவரின் தலையில் விழுந்தது. உடைந்து இரண்டு பக்கமும் வழிந்தது. ஒரு கை மண் முற்றத்தில் தெறித்தது. சுவர் அசையவில்லை.

அவள் மழையில் இறங்கினாள். ஒவ்வொரு டயராகக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கும் தொப்பை இல்லை. கடைசி மூலையில் நின்று, தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். மேட்டையே தள்ளுவது போலிருந்தது.

திரும்பி வந்து கணவரைப் பார்த்தாள். "ஒரு கூடை வந்துச்சா?"

அவர் சமையலறைத் தரையைக் குனிந்து பார்த்தார். அடுப்பு மேடைக்குக் கீழேயும் பார்த்தார். காய்ந்த தரை. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்து, "அண்ணே, நாங்க இங்கயே இருந்துக்கறோம்," என்றார். அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி ஓரகத்தி கேட்டதே இல்லை.

"அப்போ வண்டி?" என்றார் மூத்தார். "இவ்வளவு தூரம், இந்த மழையில..."

"வண்டி வேணும் மாமா," என்றாள் டயரம்மா, ரெக்சின் கையுறையை மாட்டிக்கொண்டே. "இப்போ விழுந்தது மேல் வரிசை இல்லாததாலதான். இன்னும் பெருசா விழறதுக்குள்ள முடிக்கணும். டயர் கடையில எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கு. இவருக்கு இடம் தெரியும்."

மூத்தார் தம்பியைப் பார்த்தார். தம்பி ஏற்கெனவே தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன பண்றது?" என்றாள் ஓரகத்தி, ஈரப் புடவையோடு நடு அடுக்களையில் நின்று. "டீயாவது போடறேன். டம்ளரெல்லாம் எங்கடி வச்சிருக்க?"

"அலமாரியில மேல் தட்டுக்கா. கழுவிட்டு அங்கயே கவுத்துடுங்க."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் வாசலுக்கு ஓடினாள்.

"உதடு கிழிஞ்சது ஒண்ணு கூட வேண்டாம்!" என்று மழைக்கு மேலே கத்தினாள். "ஒவ்வொண்ணா விரலை விட்டுச் சுத்திப் பாத்து எடுங்க!"

ஓட்டுநர் பக்கத்து ஜன்னலிலிருந்து கணவரின் கை வெளியே வந்து அசைந்தது. அவள் பின்பக்கம் போய், சுவரின் தலையில் கிடந்த மண்ணைத் தட்டில் வாரத் தொடங்கினாள். ஈரம் வடியட்டும் என்று கொண்டுவந்து கூரைக்கடியில் பரப்பினாள். மேல் வரிசைக்கு அது ஆகும்.